தீவுகளுக்குப் போய் வருவோமா?

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மகாவலியையும் களனியையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும். மாரி மழையில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று உண்டு. அதுவும் அராலிப் பக்கமாகப் போய்ப் பரவைக் கடலில் கலந்துவிடும். ஆகவே ஆற்றங்கரையில் பாய் விரித்து, சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் சுகத்தை இங்கே தேடக்கூடாது. ஆறு தருகிற அந்தக் குளிர்ச்சியையும் அமைதியையும் யாழ்ப்பாணத்தில் கடல்தான் தருகிறது. அதை அனுபவிக்க வேண்டுமானால் தீவகத்துக்குப் போக வேண்டும்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வடக்கே போகத் தொடங்கினோம். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடியபோது அது இன்னும் கூடியது. ஆனால் நம்மில் அநேகர் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்து, ஐந்து சந்தியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை என்ற பெயர்கள் வானொலிச் செய்தியில் கேட்ட பெயர்களாகவே நின்றுவிட்டன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளைகளுக்குக்கூட அப்படித்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அன்று சோனகத் தெருவை விட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேனில் ஏறி, வாப்பும்மா சொன்ன கடலைப் பார்க்க வருகிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ் நகரின் பண்ணையில் தொடங்குகிறது பயணம். கோட்டையைக் கடந்ததும் வீதி நேரே கடலுக்குள் இறங்குவது போலத் தோன்றும். இரு பக்கமும் நீர், நடுவே நீண்ட மேட்டு வீதி. இதைத் தாம்போதி என்பார்கள். முழங்கால் அளவு நீரில் மீனவர்கள் நடந்து போவதைக் காணலாம். தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள். அது களங்கண்ணி. நீரோட்டத்தோடு வரும் மீனும் இறாலும் அந்தத் தடிகளை அணைத்தபடியே போய், திரும்பி வரத் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். மாரி காலத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. வேனை நிறுத்தி இறங்கினால் காற்று முந்தானையைப் பறித்துக்கொண்டு போகும். ஊசி குத்தி வையுங்கள் சகோதரிகளே!

தாம்போதி முடிந்தால் அல்லைப்பிட்டி. பார்வைக்குப் பனையும் மணலும்தான். ஆனால் இந்த மணலுக்குள்ளேதான் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் தோண்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்திய சொங் அரச காலத்துப் பாண்டங்கள் வெளிவந்தன. 2018இல் சீனாவின் ஷங்ஹாய் அருங்காட்சியகத்தார் வந்து மேலும் தோண்டினார்கள். இன்று பஸ்ஸுக்காக ஆட்கள் காத்து நிற்கிற இந்தக் கரை, ஒரு காலத்தில் சீனத்துக்கும் அரபு நாட்டுக்கும் நடுவே ஓடிய கப்பல்கள் தங்கிச் சென்ற கரை.

அடுத்தது மண்கும்பான். இங்கே கடற்கரையோரம் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகை நேரத்தை ஒட்டி வந்தால் ஒளு எடுத்து, இரண்டு ரக்அத் தொழுது போகலாம். சற்றே தள்ளிச் சாட்டிக் கடற்கரை. வெள்ளை மணல், அலை குறைந்த நீர். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கேயே அரை நாளைக் கழித்துவிடும் ஆபத்து இருப்பதால், திரும்பும் வழியில் இறங்கலாம் என்று சொல்லிச் சமாளித்துப் புறப்படுங்கள்.

வேலணையைத் தாண்டி இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்குள் நுழையும்போது ஒரு காட்சி மனத்தைத் தைக்கும். கூரையில்லாத கல்வீடுகள். முற்றத்தில் ஆலும் வேம்பும் முளைத்திருக்கும். அழகான தூண், நடுவே இடிந்த சுவர். இந்த ஊரார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டணங்களிலும் கடை வைத்துச் செழித்தவர்கள். யுத்தம் வந்தது, கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பரந்துவிட்டார்கள். சில வீடுகளுக்குப் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள், பூட்டித்தான் இருக்கும். ஆட்கள் இல்லாத வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்க நம் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அது யாரோ ஒரு தாய் விட்டுவிட்டு ஓடிய வீடு என்று சொல்லி வையுங்கள். வீட்டை விட்டு நடந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் வீதி முடிந்துவிடும். அதுதான் குறிகட்டுவான் இறங்குதுறை. இனிப் படகுதான். ஒரு படகு நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரம். கால் மணி, இருபது நிமிடத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

நயினாதீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யாத்திரிகர்கள். நாகபூஷணி அம்மனைக் கும்பிட வரும் தமிழரும், நாகதீப விகாரையை வணங்க வரும் சிங்களவரும் ஒரே படகில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவார்கள். இத்தீவில் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. சுற்றி வர ஒரு ஓட்டோவே போதும் என்கிற சின்னத் தீவுக்குள் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும்!

நாம் அவசியம் அறிய வேண்டிய ஒன்று நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது. அது ஒரு கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) பொறிக்கச் செய்தது, தமிழில் எழுதப்பட்டது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் எழுதிய ஆணை என்பதே நம் காலத்தவருக்குச் செய்திதான். அதைவிடப் பெரிய செய்தி அதன் உள்ளே இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊறாத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனையும் குதிரையும் கொண்டு வந்த மரக்கலம் உடைந்துபோனால், நாலில் ஒரு பங்கு மட்டும் அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கே. மற்றச் சரக்குகளைக் கொண்டு வந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி.

சற்று யோசித்துப் பாருங்கள். கப்பல் உடைந்து சரக்குக் கரை ஒதுங்கினால் எடுத்தவனுக்கே சொந்தம் என்று பல நாட்டுக் கரைகளில் நடந்துகொண்டிருந்த காலம் அது. நடுக்கடலில் எல்லாவற்றையும் இழந்து, ஈரத் துணியோடு கரையேறிய அந்நியனுக்கு ‘உன் பொருளில் இத்தனை பங்கு உன்னுடையது’ என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு ஏன் இத்தனை சலுகை என்றால், போருக்கு அது வேண்டும். மன்னனுக்குக் கணக்குத் தெரியும்! அக்காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல்களில் குதிரை வணிகத்தில் அரபியருக்குப் பெரும் பங்கு இருந்தது. மரக்கலத்திலிருந்துதான் மரைக்காயர் என்ற பெயர் வந்தது என்பாரும் உண்டு. அப்படியானால் அந்த ஆணையில் காவல் கொடுக்கப்பட்ட அந்நியரில் நம் பாட்டன்மாரின் பாட்டன்மாரும் இருந்திருக்கலாம்.

கரைக்கு வருகிறவனைக் கரையில் இருப்பவன் எப்படி நடத்த வேண்டும் என்பதற்குச் சட்டம் இருந்தது சரி. கரைக்கு வருகிறவன் எப்படி நடக்க வேண்டும்? நெடுந்தீவுப் படகில் ஏறும்போது இந்தக் கேள்வி தானாகவே எழும்.

விடுமுறை நாட்களில் குறிகட்டுவானில் கூட்டம் முட்டி மோதும். நமக்கு அது உல்லாசப் பயணம். அதே படகில்தான் நெடுந்தீவுக்குப் போகிற ஆசிரியை வருகிறாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிற கிழவி வருகிறாள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழித் தீவனம் எல்லாம் அந்தப் படகில்தான். “பிள்ளை, உந்தப் பையை மடியில வைச்சுக் கொள்ளுங்கோ, ஆச்சி ஒராள் இருக்க வேணும்” என்று ஒரு குரல் கேட்கும். உடனே எழுந்து, “நீங்க இருங்க ஆச்சி” என்று இடம் கொடுத்துவிடுங்கள். நாம் இன்று பார்க்காவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம். அந்த ஆச்சிக்கு இந்தப் படகை விட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். விடிகாலையில் வந்து வரிசையின் முன்னால் நின்றுவிட்டோம் என்பதற்காக நாற்பது பேர் கொண்ட சுற்றுலாக் கூட்டம் ஊராரைக் கரையில் விட்டுப் போவது எந்த வகையிலும் நியாயமில்லை.

இந்தக் கடல்வழி அவர்களுக்கு என்ன விலை வைத்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் இந்த வழியில் ஓடிய படகின் பெயர் குமுதினி. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். தீவார் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். 2017 ஜனவரியில் அவுஸ்திரேலிய உதவியுடன் நெடுந்தாரகை என்ற புதுப் படகு சேவைக்கு வந்தபோது, அவர்களுக்கு அது வெறும் வாகனமாக இருந்திருக்காது.

நெடுந்தீவு தெரியத் தொடங்கும்போது முதலில் ஒன்றுமே தெரியாது. அவ்வளவு தட்டையான தீவு! கிட்டப் போனால்தான் பனைகள் தலை காட்டும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன், காரைநகர் அம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம். எல்லாம் மறைந்துவிட்டன. டெல்ஃப்ட் என்ற ஒரு பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. தமிழருக்கு அது என்றும் நெடுந்தீவுதான்.

இறங்கியதும் கண்ணில் படுவது வேலிகள். கிடுகு வேலி அல்ல, முருகைக்கல் வேலி. கடல் தந்த முருகைக்கற்களை, சாந்து எதுவும் பூசாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். காற்று அதன் இடுக்குகளால் புகுந்து போய்விடுவதால் சுவர் விழுவதில்லை. தோட்டத்துக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். இடிந்து நிற்கும் கோட்டையும் முருகைக்கல்தான். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பயன்படுத்தியது என்பார்கள். பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்றும் உண்டு. கடிதம் கொண்டுபோகப் புறா வளர்த்தார்களாம்.

பிள்ளைகளுக்கு இவை எல்லாவற்றையும்விடக் குதிரைகள்தான் வேண்டும். தெற்குப் பக்கத்துப் புல்வெளியில் அவை கூட்டம் கூட்டமாகத் திரியும். அந்நியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி இத்தீவில் இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். சாராப்பிட்டியில் லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சி போயிற்று, குதிரை மிஞ்சியது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்து விழுவதுண்டு. கோடையில் போகிறவர்கள் எலும்பு தெரியும் குதிரைகளைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். பரிதாபத்தில் பிஸ்கட்டை நீட்டாதீர்கள். அவை வளர்ப்புக் குதிரைகளல்ல, உதைக்கும்.

தண்ணீர்! நெடுந்தீவில் எதைத் தொட்டாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும். சாராப்பிட்டியில் கடலுக்கு அருகில் இருந்தும் நன்னீர் தரும் கிணறுகள் இருக்கின்றன. லாயம் அங்கே அமைந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் உவர். இப்போது கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வந்திருக்கிறது என்றாலும், குடத்தோடும் கேனோடும் பெண்கள் நடப்பது நின்றபாடில்லை. நாம் போய்ச் சட்டென்று ஒரு வீட்டுக் குழாயைத் திறந்து கால் கழுவுவோம். நம் வீட்டில் அது பெரிய காரியமில்லை. அங்கே அது ஒரு குடம். ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆறே இல்லாத ஊரில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குடிக்கவும், ஒளுவுக்கும், பிள்ளையின் கை கால் கழுவவும் தேவையான தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போங்கள். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட இத்தீவில் காடு இல்லை, கடல்தான் இருக்கிறது.

பார்க்க வேண்டிய இன்னொன்று பெருக்கமரம். ஆபிரிக்காவின் மரம். அடி பருத்து, நடுவே பொந்து விழுந்து, ஆட்கள் உள்ளே போய் நிற்கக்கூடிய அளவு பெரிது. குதிரைகளுக்குத் தீனியாகவோ வேறு காரணத்துக்கோ அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழிவழி வந்த பேச்சு. மன்னாரிலும் இம்மரம் உண்டு; அங்கேயும் இதே கதைதான் சொல்வார்கள். நட்டவர் பெயரும் ஊரும் யாருக்கும் தெரியாது. தீவார் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மீனும் நண்டும் கணவாயும் இருக்கிற ஊரில் ஹலால் கவலை பாதி தீர்ந்துவிடும். பாலும் தயிரும் நெடுந்தீவுக்குப் பேர் போனவை. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் என்று பெண்கள் தங்கள் கையால் செய்து விற்பார்கள். கொழும்புக் கடையில் கேட்ட விலையைக் கொடுக்கிற நாம் இங்கே மட்டும் பேரம் பேசுவது ஏனோ தெரியவில்லை.

காலத்தையும் பார்த்துப் போக வேண்டும். சோளகக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை கடல் குமுறும். வாடைக் காலத்திலும் மழையும் அலையும் உண்டு. மாசி, பங்குனி, சித்திரையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரரும் மற்றக் காலங்களில் நயினாதீவோடு திரும்பிவிடுவது நல்லது. உயிர்காப்பு அங்கி கொடுத்தால் வெட்கப்படாமல் எல்லோரும் மாட்டுங்கள். அபாயாவுக்கு மேலே போட்டுக்கொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. கொடுக்காவிட்டால் கேளுங்கள். படகு நேரங்கள் மாறிக்கொண்டேயிருப்பதால் முதல் நாளே விசாரிக்க வேண்டும். பிற்பகல் திரும்பும் படகைத் தவறவிட்டால் தீவில்தான் இராத் தங்க வேண்டும். பிரயாணிகளாகையால் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை நமக்குண்டு. படகைப் பிடிக்க அது பெரிய உதவி.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் போய்விடும். மறுநாள் நயினாதீவைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது வேலணையில் பிரிந்து ஊர்காவற்றுறைக்குப் போங்கள். கல்வெட்டில் கண்ட அந்த ஊறாத்துறை. போர்த்துக்கேயர் ‘கைஸ்’ என்றார்கள். அவர்கள் பாஷையில் இறங்குதுறை. அதுவே கயிற்ஸ் ஆயிற்று. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இங்கிருந்துதான் படகு. ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்கள் வந்த துறையில் இன்று மீன்பிடி வள்ளங்கள் நிற்கின்றன.

துறைக்கு எதிரே, கடலின் நடுவில், ஒரு கோட்டை நீரிலிருந்து முளைத்தது போல நிற்கும். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் பணிந்ததற்குக் காரணம் பீரங்கி மட்டுமல்ல. குடிநீர் இல்லாமல் போனதும்தான். நாலு பக்கமும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை! ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கை அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். இது அதன் குதிகாலாம். பெயர் வைத்தவர்களின் ரசனையை என்ன சொல்வது! பிற்காலத்தில் அது சிறை. 1971 கிளர்ச்சியையொட்டி ரோகண விஜேவீர இங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படையினர் அதை விடுதியாக்கியிருக்கிறார்கள். கைதிகள் விடியும்வரை கம்பியை எண்ணிய அறையில், காசு கொடுத்துப் படுக்க ஆட்கள் வருகிறார்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்கும் சேவையை ஊரார் ‘பாதை’ என்றே சொல்வார்கள். ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதில் போகும். ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு, வேனைச் சுற்றுவழியால் அனுப்பிவிட்டு நீங்கள் அதில் ஏறுங்கள். சில நிமிடப் பயணம்தான். கோட்டையை நன்றாகப் பார்க்கலாம். அக்கரை காரைநகர். அங்கே கசூரினா என்ற சவுக்கு மரக் கடற்கரை இருக்கிறது. வெகுதூரம் போனாலும் ஆழமில்லாத நீர். பெண்கள் சற்று ஒதுக்கமாகப் போய்க் காலை நனைத்துக்கொண்டிருக்க இடமுண்டு. பிள்ளைகளை நீருக்குள் இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பாடு. மஃரிபுக்கு யாழ்ப்பாணம் திரும்ப வேண்டுமென்றால் நாலரை மணிக்கே துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கிவிடுங்கள்.